கணிமைச் சிந்தனையும் பாடசாலைக் கல்வியும்

பாடசாலையிலே பிள்ளை பெறுங் கல்வி இருவகைப்படும். ஒன்று விடையை அறிதல். மற்றொன்று விடை காணும் வழியை அறிதல். முன்னது மறந்தவிடத்து முற்றாக அழிந்துபோவது. பின்னது மறந்தவிடத்தும் முயன்று மீளப் பெறத்தக்கது. இவ்விரண்டாவது கல்வியின் ஒரு பகுதிக்கு இக்காலத்தார் இட்ட பெயரே கணிமைச் சிந்தனை என்பது. பெயர் புதியது, பொருளோ பழையது. எமது கல்லூரியின் பழைய மாணவர்க்கும், இன்று அங்கே பயில்வோர்க்கும், அவர்தம் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இப்பொருள் பற்றிச் சில கூறுதல் இவ்விழா மலருக்குப் பொருத்தமுடைத்து எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். கணிமைச் சிந்தனை என்றவுடனே, கணினியை இயக்கும் பழக்கம் என்றே பலரும் கொள்வர். எழுத்துப் பலகையில் விரைந்து தட்டெழுதுதல், கடிதத்தை அழகுற அமைத்தல், படங்களை ஒட்டி வெட்டிச் சீர்செய்தல் ஆகியன பயனுள்ள பழக்கங்களே. ஆயினும், அவை கைத்திறன்கள். கணினியை இயக்கப் பழகுதல் வேறு. ஒரு பிரசினத்தைக் கணினிக்கும் விளங்கும் அளவுக்குத் தெளிவாகச் சிந்தித்தல் வேறு. வீணை வீட்டில் இருப்பவரெல்லாம் இராகம் அறிந்தவர் ஆகார். அவ்வாறே கணினி மேசைமேல் இருக்கும் மாணவரெல்லாம் இச்சிந்தனை கைவரப்பெற்றவர் ஆகார். கணினியே காணாத மாணவன் ஒருவன் இதிற் சிறந்து விளங்குதலும் கூடும்.

பெயரும் வரலாறும்

தென்னாபிரிக்காவில் 1928 ஆம் ஆண்டிற் பிறந்த சீமோர் பப்பேட் என்பார் கணிதவியலறிஞர். குழந்தைகளின் அறிவு வளருமாற்றை ஆராய்ந்த பியாஜே என்னும் பேரறிஞரோடு ஜெனீவா நகரிற் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தை அடைந்தார். 1967 ஆம் ஆண்டில் அவரும் அவர்தம் துணைவரும் சிறுவர்க்கென லோகோ என்னும் கணினி மொழியை ஆக்கினர். ஆமை எனப் பெயரிய சிறு பொறியொன்றினை, இத்தனை அடி முன்னே செல், இத்தனை பாகை திரும்பு என ஏவிச் சித்திரம் வரையச் செய்வது அம்மொழியின் சிறப்பியல்பு. 1980 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலிலே கணிமைச் சிந்தனை என்னுஞ் சொற்றொடர் காணப்படுகின்றது.

அச்சொற்றொடரை உலகறியச் செய்தவர் ஜனற் விங் என்னும் பேராசிரியை. காணெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், 2006 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே ஒரு சிறு கட்டுரை வரைந்தார். எழுத்தும் வாசிப்பும் எண்கணிதமும் எல்லார்க்கும் உரியவை ஆதல்போலக் கணிமைச் சிந்தனையும் எல்லார்க்கும் உரியதே. கணினித் துறையார்க்கு மட்டும் உரியதன்று என்பது அவர்தம் கொள்கை. அது பல நாடுகளின் பாடத்திட்டங்களைத் தொட்டது. இங்கிலாந்திலே, பாடசாலைகளில் நடைபெற்ற தகவற் றொழினுட்பப் பாடத்தின் குறைகளை எடுத்துக்காட்டி றோயல் சங்கம் 2012 ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை விடுத்தது. 2014 ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் முதல் அப்பாடத்துக்குப் பதிலாகக் கணிமை என்னும் பாடம், ஐந்து வயதுச் சிறுவர் தொடக்கம் அந்நாட்டிற் புகுத்தப்பட்டது.

பொருளின் பழமை

பெயர் இவ்வாறு அண்மையதாயினும் பொருள் அண்மையதன்று. ஏறக்குறைய கி. மு. 300 அளவில் வாழ்ந்த யூக்கிளிட்டு என்னும் கிரேக்க அறிஞர், இரண்டு எண்களின் பொதுக் காரணிகளிற் பெரியதைக் காணும் முறையொன்றைத் தமது நூலின் ஏழாம் பாகத்தில் விதித்தார். அதனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம்.

ஒரு மேடையின் நீளம் 391 சென்ரிமீற்றர். அகலம் 299 சென்ரிமீற்றர். ஒரே அளவான சதுரக் கற்களை, ஒன்றையேனும் வெட்டாது, அதன்மேற் பரப்புதல் வேண்டும். கற்கள் இயன்ற அளவு பெரியனவாயும் இருத்தல் வேண்டும். கல்லின் பக்கம் எவ்வளவு? காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டுவதில்லை. பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்து மீதியைக் காண்க. 391 ஐ 299 ஆல் வகுக்க மீதி 92. இனி 299 ஐ 92 ஆல் வகுக்க மீதி 23. இனி 92 ஐ 23 ஆல் வகுக்க மீதி இல்லை. ஆகவே 23 சென்ரிமீற்றரே விடை. நீளத்தில் 17, அகலத்தில் 13 ஆக 221 கற்கள் வேண்டும்.

இம்முறையை உற்றுநோக்குவார்க்கு நான்கு பண்புகள் புலனாகும். ஒவ்வொரு படியும் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயுள்ளது. முதற்படியும் அடுத்த படியும் எவையென வரையறுக்கப்பட்டுள்ளன. யார் செய்யினும் ஒரே விடை வரும். நான்காவது பண்பு இவற்றினும் நுண்ணியது: இது முடிவின்றி ஓடாது. மீதி ஒவ்வொரு முறையும் முன்னையதிலுங் குறைகின்றது; குறைந்துகொண்டே செல்லும் முழுவெண் என்றோ ஒருநாள் பூச்சியத்தை அடைந்தே தீரும். இந்நான்கும் அமைந்த வழியையே நெறிமுறை என்கின்றோம். கணினியறிஞர் அதனை அல்கோரிதம் என்பர். கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பக்தாது நகரில் வாழ்ந்த அல்குவாரிசுமி என்னும் கணிதரின் பெயர் இலத்தீன் மொழியிலே திரிந்து வழங்கியதே அச்சொல். இந்திய எண்களாற் கணிக்கும் முறையை விளக்கி அவர் எழுதிய நூல், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனிற் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தது. கி. பி. 499 ஆம் ஆண்டுக்குரிய ஆரியபடீயத்திலுள்ள குட்டகம் என்னும் முறையும், மேற்கூறியவாறு மீண்டும் மீண்டும் வகுத்துச் செல்லும் நெறிமுறையே. பெரிய எண்களை இடித்துப் பொடியாக்குதல்போலச் சிறிதாக்கலின் அது அப்பெயர் பெற்றது.

இவ்வரலாற்றை இங்கே கூறியது பழம்பெருமை பேசுதற்கன்று. கணினி தோன்றுதற்குப் பன்னூறாண்டுகளின் முன்னரே இச்சிந்தனை தோன்றிவிட்டது. ஆகவே கணினி இல்லாத வகுப்பறையிலும் இதனைக் கற்பித்தல் கூடும் என்பதைக் காட்டுதற்கேயாம்.

சிந்தனையின் கூறுகள்

கணிமைச் சிந்தனையின் கூறுகளை அறிஞர் பலவாறு வகுப்பர். பகுத்தல், ஒப்புமை காணல், வேண்டாதன நீக்கிச் சாரங் கொள்ளல், நெறிமுறை வகுத்தல், பிழை காணல் என ஐந்தாகக் கொள்வது பாடசாலைக்குப் போதுமானது. எமது கல்லூரியின் இல்ல விளையாட்டுப் போட்டியை மனத்திற் கொண்டு இவற்றுள் முதல் நான்கினையும் விளக்குவோம்.

போட்டியை நடத்துக என ஒருவரிடம் ஒப்படைத்தால் அவர் மலைப்பர். அதனையே பெயர் பதிதல், வயதுப் பிரிவு வகுத்தல், தெரிவோட்டம், இறுதியோட்டம், புள்ளியிடல் எனச் சிறு கருமங்களாக்கினால் ஒவ்வொன்றும் ஒருவர் கைக்கு அடங்கும். இது பகுத்தல். நூறு மீற்றர் ஓட்டத்துக்குப் புள்ளியிடும் முறையும் நீளம் பாய்தலுக்குப் புள்ளியிடும் முறையும் ஒன்றே எனக் காணின், ஒரு முறையை வகுத்து எல்லா நிகழ்ச்சிக்கும் பயன்படுத்தலாம். இஃது ஒப்புமை காணல். புள்ளிகளைக் கூட்டுபவர்க்கு ஓடியவனின் பெயரோ உயரமோ வேண்டுவதில்லை. அவனது இல்லமும் அவன் பெற்ற இடமுமே வேண்டும். எஞ்சியவற்றை விடுத்தல் அறியாமையன்று. இன்ன கருமத்துக்கு இன்னது வேண்டும் எனத் தெரிந்து விடுத்தலாகும். இது சாரங் கொள்ளல். முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1 எனப் புள்ளி வழங்கி, இல்லந்தோறுங் கூட்டி, பெரியதைத் தெரிக என எழுதுதல் நெறிமுறை வகுத்தல்.

இனி, இருவர் ஒருங்கே முதலாவதாக வந்தால் என் செய்வது? எழுதிய விதி இதற்கு வாய் திறவாது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உரிய 8 புள்ளிகளை இருவர்க்கும் நான்கு நான்காகப் பகிர்க என ஒரு விதியைச் சேர்த்தல் வேண்டும். அதனைப் போட்டிக்கு முன்னரே சேர்ப்பவன் சிந்தித்தவன். போட்டி முடிந்தபின், இரு இல்லத்தாரும் ஆரவாரிக்கும்போது சேர்க்க முயல்பவன் சிந்தியாதவன். வழமையான நிலையை மட்டுமன்றி, எல்லையிலே நிகழ்வனவற்றையும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கும் பழக்கம் இச்சிந்தனையால் வருவது.

ஒரே விடைக்குப் பல நெறிமுறைகள் உளவாயின், அவற்றுட் சிறந்தது எது என ஆராய்தலும் இதன்பாற்படும். ஆயிரம் பெயர்கள் அகரவரிசையில் எழுதப்பட்ட பதிவேட்டிலே ஒரு பெயரைத் தேடுகின்றோம் எனக் கொள்க. முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றால் ஆயிரம் பெயர்களையும் பார்க்க நேரலாம். நடுவிலே திறந்து, தேடும் பெயர் முற்பாதியிலா பிற்பாதியிலா எனத் தெளிந்து, மற்றைப் பாதியை ஒதுக்கி, எஞ்சிய பாதியையும் அவ்வாறே இரண்டாக்கிச் சென்றால் மிகுதியாகப் பத்து முறை பார்த்தல் போதும். பத்து இலட்சம் பெயர்கள் இருப்பினும் இருபது முறைக்கு மேல் வேண்டியதில்லை. பதிவேடு ஆயிரம் மடங்கு பெருக, உழைப்பு இரு மடங்கே பெருகுகின்றது. இதனை ஆறாம் வகுப்பு மாணவனும் ஓர் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு தானே கண்டுகொள்வான். ஆனால், பெயர்கள் ஒழுங்காக இல்லாத பதிவேட்டில் இம்முறை பயன்படாது என்பதையும் அவன் கண்டுகொள்ளல் வேண்டும். ஒழுங்குபடுத்தும் உழைப்பை முன்னரே செலவிட்டவர்க்கே தேடும் உழைப்புக் குறையும்.

தமிழ் வகுப்பில் ஒரு பாடம்

இச்சிந்தனை கணித வகுப்புக்கோ கணினி அறைக்கோ மட்டும் உரியதன்று என்றோம். அதற்குச் சான்றாகத் தமிழிலக்கண வகுப்பை எடுத்துக்கொள்வோம். உயிரீற்றுச் சொல்லின் முன் உயிரை முதலாகவுடைய சொல் வந்தால் இடையே உடம்படுமெய் தோன்றும் என்பது மாணவர் அறிந்ததே. இ, ஈ, ஐ என்பவற்றின் பின் யகரம் தோன்றும். ஏகாரத்தின் பின் யகரமும் வகரமும் தோன்றும். மற்றையுயிர்களின் பின் வகரம் தோன்றும். மாணவர் இதனை மனனஞ் செய்து ஒப்புவிப்பர். இதனையே நெறிமுறையாக எழுதுமாறு ஆசிரியர் பணிப்பாராயின் என்ன நிகழும் எனப் பார்ப்போம்.

ஒரு மாணவன் விதியை எழுதட்டும். மற்றொருவன் தமிழ் அறியாத பொறிபோல நின்று, எழுதியவாறே, சொந்த அறிவு சிறிதுஞ் சேர்க்காது, செய்து காட்டட்டும். மணி, ஓசை என்பவற்றைக் கொடுக்க, மணியோசை என வரும். பலா, இலை என்பவற்றைக் கொடுக்க, பலாவிலை என வரும். பசு, இல்லை என்பவற்றைக் கொடுக்க, பசுவில்லை என வரும். வகுப்பு மகிழும். இனிக் காசு, இல்லை என்பவற்றைக் கொடுத்தால் அப்பொறி காசுவில்லை என்னும். வகுப்பு நகைக்கும். ஆயினும் பொறியின்மேற் குற்றமில்லை. அது சொன்னதையே செய்தது. குற்றம் விதியை எழுதியவனிடத்தது. பசுவும் காசும் சு என்னும் ஒரே எழுத்தில் முடிந்தும் வெவ்வேறாகப் புணர்வது ஏன்?

இவ்வினா எழுந்த அந்த நொடியிலேதான் குற்றியலுகரம் என்னும் இலக்கணம் அம்மாணவனுக்கு உயிர் பெறுகின்றது. தனிக்குற்றெழுத்து அல்லாதவற்றின் பின், சொல்லின் ஈற்றில், வல்லின மெய்யின்மேல் ஏறி நிற்கும் உகரம் குறுகும். உயிர் வரின் அது கெடும். பசு என்பதிற் சுகரத்துக்கு முன் நிற்பது தனிக்குறில். ஆதலின் அவ்வுகரம் குறுகாது. காசு என்பதில் முன் நிற்பது நெடில், ஆதலின் குறுகும். ஆகவே உடம்படுமெய் விதிக்கு முன்னே ஒரு சோதனையை வைத்தல் வேண்டும்: ஈறு குற்றியலுகரமா? ஆம் எனின் உகரத்தை நீக்கிச் சேர்க்க. அன்று எனின் அடுத்த விதிக்குச் செல்க. இப்போது காசில்லை எனச் சரியாக வரும். விதிகளை அறிதல் மட்டும் போதாது. எவ்விதி முன், எவ்விதி பின் என்னும் ஒழுங்கும் அறிதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

பாடம் இத்துடன் முடிவதில்லை. கூர்மதியுடைய சிறுமி ஒருத்தி கதவு என்னுஞ் சொல்லைக் கொண்டுவருவாள். அதன் ஈறு வகரத்தின்மேல் ஏறியது, வல்லினமன்று, ஆகவே குற்றியலுகரமன்று. எனவே நெறிமுறை கதவுவில்லை என விடை தரும். வழக்கோ கதவில்லை என்பது. முற்றியலுகரமும் சிலவிடத்து அவ்வாறு கெடும் என்று நன்னூலார் விதித்தமை இதனை நோக்கியே. சிலவிடத்து என்றால் மனிதன் வழக்கை நோக்கி உணர்ந்துகொள்வான். பொறியோ, எவ்விடத்து எனத் திருப்பிக் கேட்கும். அதற்கு விடை கூறச் சொற்களைத் திரட்டி, வகைப்படுத்தி, ஆராய்தல் வேண்டும். மனனஞ் செய்து ஒப்புவித்த மாணவன் ஆராய்ச்சியின் வாயிலில் வந்து நிற்கின்றான். இப்பாடத்துக்கு வேண்டியது ஒரு கரும்பலகையும் ஒரு வெண்கட்டியுமே.

பிழை என்னும் ஆசான்

ஐந்தாவது கூறாகிய பிழை காணலை இறுதியில் வைத்தது, அதுவே இவற்றுட் தலையாயது என்னுங் கருத்தினாலேயாம்.

விளையாட்டிடத்திலே ஒரு மாணவனை நிறுத்துக. பத்து அடி நட, 90 பாகை திரும்பு, இதனை நான்கு முறை செய்க என்றால் அவன் ஒரு சதுரத்தை நடந்து தொடங்கிய இடத்தை அடைவான். இனிச் சமபக்க முக்கோணம் நடக்க ஏவுக எனப் பிள்ளைகளிடம் கூறினால், பெரும்பாலார் பத்து அடி நட, 60 பாகை திரும்பு, மூன்று முறை செய்க என்பர். முக்கோணத்தின் கோணம் 60 பாகை எனப் படித்தவரன்றோ! அவ்வாறு நடப்பவன் தொடங்கிய இடத்தை அடையான். பப்பேட்டின் ஆமையை ஏவிய சிறுவரும் இவ்விடத்தில் இடறினர்.

இங்கே ஆசிரியர் பிழை எனக் கூறி 120 என்னும் விடையைக் கொடுத்தால் பாடம் இறந்துபடும். இன்னும் மூன்று முறை செய்து பார் என்பாராயின், அப்பிள்ளை ஓர் அறுகோணத்தை நடந்து முடித்து வியப்படைவான். திரும்புங் கோணம் உட்கோணமன்று, புறக்கோணம் என்பதையும், ஒரு முறை சுற்றி வருபவன் மொத்தம் 360 பாகை திரும்புகின்றான் என்பதையும், 360 ஐ மூன்றால் வகுக்க 120 வரும் என்பதையும் அவனே கண்டுகொள்வான். பிழையே அவனுக்கு ஆசானாயிற்று.

எமது வகுப்பறைகளிலே பிழை பெறும் மதிப்பு யாது? சிவப்பு மையால் ஒரு குறுக்குக் கோடு, புள்ளியிற் குறைவு, சில வேளைகளில் நகைப்பு. கோட்டோடு பாடம் முடிந்துவிடும். ஆதலாற் பிள்ளை பிழையை அஞ்சுகின்றது, அஞ்சுதலால் மறைக்கின்றது, மறைத்தலால் முயலாதிருக்கின்றது. ஈற்றில், கடந்த கால வினாத்தாள்களின் விடைகளை நெட்டுருச் செய்வதே பாதுகாப்பான வழி எனத் தெளிகின்றது. செய்நிரல் எழுதுபவரோ, முதன்முறை எழுதியது பிழையாகவே இருக்கும் என எதிர்பார்ப்பர். பிழை எத்தனை எனக் கேளார். எங்கே எனக் கேட்பர். ஒரு படியை நிறுத்தி, அதுவரை வந்தது சரியா எனப் பார்த்து, பிழை கிடக்குமிடத்தை மேன்மேலும் ஒடுக்கிச் சென்று பிடிப்பர். இம்மனப்பான்மையை எமது பிள்ளைகளுக்கு ஊட்டுவோமாயின், அதனினும் பெரிய பேறு வேறில்லை.

எமக்கு இளமையிற் கணிதங் கற்பித்த ஆசிரியர் ஒருவரை ஈண்டு நினைவுகூர்கின்றோம். நாம் பிழைபடச் செய்த கணக்கை அவர் குறுக்கே வெட்டுவதில்லை. "தம்பி, இந்த வரி வரைக்கும் சரி, இதற்குப் பிறகு என்ன நடந்தது?" எனக் கேட்டுக் கொப்பியைத் திருப்பித் தருவார். கணினி என்னுஞ் சொல்லையே அவர் கேட்டிருந்தாரோ அறியோம். ஆயினும் கணிமைச் சிந்தனையின் உயிர்நிலையை அவர் அறிந்திருந்தார்.

ஐயமும் விடையும்

இக்கொள்கையின்மேல் எழும் ஐயங்கள் மூன்று. கணினி மொழி ஒன்றைக் கற்பித்தாற் சிந்தனை தானே வளருமா என்பது முதலாவது. வளராது என்பதே நேர்மையான விடை. லோகோ மொழியைப் பயின்ற சிறுவர் வேறு கருமங்களைத் திட்டமிடுவதிலும் முன்னேறினரா என றோய் பீ, மிடியன் கேளண்ட் என்னும் ஆய்வாளர் 1984 ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து, அவ்வாறு தானாக முன்னேற்றம் நிகழவில்லை என்று கண்டனர். ஒரு பாடத்திற் கற்றதை மற்றொன்றிற் செலுத்துதற்கு, ஆசிரியர் அவ்விரண்டையும் எடுத்துக்காட்டி இணைத்தல் வேண்டும். பதிவேட்டை இரண்டாக்கித் தேடிய மாணவனிடம், செய்நிரலிற் பிழை தேடும்போதும் அதனையே செய்கின்றாய் எனச் சொல்ல ஒருவர் வேண்டும். பொறி அதனைச் சொல்லாது.

வினவியவுடனே செய்நிரலையும் எழுதித் தரும் உரையாடற் பொறிகள் வந்துவிட்டன. இனி இக்கல்வி எதற்கு என்பது இரண்டாவது. அத்தகைய பொறிகள் 2022 ஆம் ஆண்டின் இறுதி முதல் எல்லார் கைக்கும் எட்டியவையாயின. அவை தரும் விடை சரியாகவும் இருக்கும். சரிபோலத் தோன்றும் பிழையாகவும் இருக்கும். எதனை வேண்டுகின்றோம் எனத் தெளிவாகச் சொல்லவும், வந்த விடையைப் பசு, காசு, கதவு என எல்லைகளில் வைத்துச் சோதிக்கவும் வல்லவனுக்கே அவை ஏவலாளர். வல்லமை இல்லாதவனுக்கு அவையே எசமானர். ஆகவே இக்கல்வியின் தேவை மிகுந்ததேயன்றிக் குறைந்ததன்று.

கணினியில்லாப் பாடசாலைகள் என் செய்யும் என்பது மூன்றாவது. நியூசீலாந்தின் கன்ரபெரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிம் பெல் என்பாரும் அவர்தம் துணைவரும், கணினியின்றியே கணினி விஞ்ஞானத்தைக் கற்பிக்கும் விளையாட்டுகளை 1990 களில் வகுத்து நூலாக்கினர். அவற்றுள் ஒன்றைக் கூறுவோம். 16, 8, 4, 2, 1 எனப் புள்ளிகள் இட்ட ஐந்து அட்டைகளை ஐவர் ஏந்தி வரிசையாக நிற்பர். 19 என்றவுடன் 16, 2, 1 என்பவற்றை ஏந்தியோர் அட்டையைக் காட்டுவர், மற்றையோர் மறைப்பர். காட்டியதை 1 எனவும் மறைத்ததை 0 எனவும் எழுத 10011 என்னும் துவித எண் வரும். பூச்சியம் முதல் 31 வரை எவ்வெண்ணையும் இவ்வாறு காட்டலாம். ஒவ்வொன்றையும் ஒரே வழியிலேதான் காட்டலாம். கணினியின் உள்ளே எண்கள் குறிக்கப்படுமாறு இதனால் விளங்கிவிடும். லித்துவேனியா நாட்டில் 2004 ஆம் ஆண்டிற் பேராசிரியை வலன்ரினா டகியேனே தொடக்கிய பெப்ராசு என்னும் போட்டியும் இவ்வகையினதே. செய்நிரல் அறியாத மாணவரும் சிந்தித்து விடுவிக்கத்தக்க சிறு பிரசினங்களே அதிற் கேட்கப்படுகின்றன. இன்று அது பல நாடுகளிற் பரவியுள்ளது.

நாம் செய்யத்தக்கது

எமது நாட்டிலே தகவல் தொடர்பாடற் றொழினுட்பம் க. பொ. த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் மாணவர் விரும்பித் தெரிந்தெடுக்கத்தக்க பாடமாக உள்ளது. நெறிமுறையும் பாய்ச்சற் கோட்டுப்படமும் அப்பாடத்தில் இடம்பெறுகின்றன. ஆயினும் அதனைத் தெரிந்தெடாத மாணவர்க்கு இச்சிந்தனை வேண்டாததோ? வைத்தியராகவும் கமக்காரராகவும் வணிகராகவும் போகும் பிள்ளைகளுக்கும் வழியைத் தெளிவாக வகுத்தலும் பிழையை அஞ்சாது தேடுதலும் வேண்டியனவேயன்றோ?

பழைய மாணவராகிய நாம் கல்லூரிக்கு உதவ எண்ணும்போதெல்லாம் கட்டடமும் கருவியுமே முதலில் மனத்தில் எழுகின்றன. அவை வேண்டியனவே. ஆயின் யாம் சென்று கண்ட பாடசாலை ஒன்றிலே, அன்பர் பலர் உவந்தளித்த கணினிகள் துணி போர்த்தி, பூட்டிய அறைக்குள்ளே இருந்தன. பழுதாகிவிடும் என்னும் அச்சத்தாற் பிள்ளைகள் உள்ளே விடப்படவில்லை. பிழைக்கு அஞ்சும் மனமே அங்கும் பூட்டாகத் தொங்கியது. கொடுத்தவரையோ காத்தவரையோ யாம் குறை கூறவில்லை. கருவியோடு கற்பிக்கும் முறையும் செல்லாவிடிற் கருவி வீணாகும் என்பதே எம் கருத்து.

ஆதலின் மூன்று கருமங்களை முன்வைக்கின்றோம். முதலாவது, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை கிழமைக்கு ஒரு மணி நேரம், அட்டையும் கல்லும் வெண்கட்டியுங் கொண்டு இச்சிந்தனையைப் பயிற்றுதல். இவ்வேளைக்குப் பரீட்சையும் புள்ளியும் வேண்டா. இரண்டாவது, தமிழ், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தவணைக்கு ஒருமுறை கூடி, தத்தம் பாடத்திலுள்ள நெறிமுறைகளை ஒருவர்க்கொருவர் காட்டுதல். மூன்றாவது, கணினித் துறையிலே உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பணிபுரியும் பழைய மாணவர் பணத்தோடு நில்லாது, தாம் எழுதியவற்றுள் நேர்ந்த பிழைகளையும் அவற்றைக் கண்டுபிடித்த விதத்தையும் இளம் மாணவர்க்கு எடுத்துக் கூறுதல். வெற்றிக் கதைகளை நம் பிள்ளைகள் போதிய அளவு கேட்டிருக்கின்றனர். பெரியவர்களும் பிழைவிட்டுத் தேடித் திருத்தினார்கள் என்பதை அவர்கள் இன்னும் கேட்கவில்லை.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வேண்டுவது, ஒரு பிள்ளை பிழைபடச் செய்தவிடத்து, வெட்டுதற்கு எடுத்த சிவப்புப் பேனாவைச் சிறிது தாழ்த்தி, இந்த வரி வரைக்கும் சரி எனச் சொல்லும் மனமே. அம்மனமுடைய ஆசிரியர்கள் அன்று எமது கல்லூரியில் இருந்தனர்; அவர்களாலேயே நாம் இன்று இவ்வளவேனும் ஆனோம். அவ்வழி மேலும் தழைக்குமாக. எமது கல்லூரி அன்னை நீடு வாழ்க!